கேள்வி – பதில்: உங்கள் முகம் காக்காய்க்குத் தெரியும்

போன இதழில் கடற்கரைப் பறவைகளைப் பற்றி எழுதியபோது காக்கையை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். "காக்காயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா?" என்று கடலூரிலிருந்தும் பாண்டியிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. கேட்டது நியாயம்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் காக்காய்க்கே. காக்கை, காகம், காக்கா என்று மாற்றி மாற்றித்தான் எழுதுவேன், பேசும்போது அப்படித்தானே வருகிறது.

*

ஐயா, எங்கள் தெரு முனையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. மூன்று வாரமாக அந்தப் பக்கம் போனாலே ஒரு காக்கா பின்னாலிருந்து பாய்ந்து வந்து என் தலையில் தட்டிவிட்டுப் போகிறது. கூட வரும் நண்பனை ஒன்றும் செய்வதில்லை. தொப்பி போட்டுக்கொண்டு போனாலும் விடுவதில்லை. சனி பிடித்திருக்கிறது, திருநள்ளாறு போய் எள் விளக்கு போட்டுவிட்டு வா என்கிறார் பாட்டி. நான் அதற்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. சொல்லப்போனால், கீழே விழுந்து கிடந்த குஞ்சு ஒன்றை நாய் கவ்வாமல் எடுத்து மதில்மேல் வைத்ததே நான்தான்.
– கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்

தம்பி, கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். நீங்கள் குஞ்சைக் காப்பாற்றினீர்கள், சரி. மேலே கிளையில் உட்கார்ந்திருந்த தாய்க்கும் தகப்பனுக்கும் தெரிந்தது என்ன? ஒரு மனுஷன் வந்தான், பிள்ளையைக் கையில் பிடித்தான். அவ்வளவுதான். அந்த மனுஷனின் முகம் அவற்றுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். குகை மனிதன் முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வளாகத்தில் ஏழு காக்கைகளைப் பிடித்தார்கள், காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள், அடித்ததோ துன்புறுத்தியதோ இல்லை. அதற்குப் பிறகு யார் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தாலும், ஆண், பெண், குட்டை, நெட்டை யாரானாலும், காக்கைகள் கூடிக்கொண்டு திட்டின. அப்போதைய துணை அதிபர் டிக் சேனியின் முகமூடியைப் போட்டு நடந்தவரை ஒன்றும் செய்யவில்லை. முகமூடிக்கு மேலே தொப்பி வைத்துப் பார்த்தார்கள், முகமூடியைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தார்கள், அப்போதும் கண்டுபிடித்துவிட்டன. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் நடந்தபோது வழியில் பார்த்த 53 காக்கைகளில் 47 திட்டின என்று மார்ஸ்லஃப் சொன்னார். பிடிபட்டவையோ ஏழுதான்! மற்றவை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவை, தாய் தகப்பனிடம் கற்றுக்கொண்டவை, அந்தச் சம்பவத்தின்போது பிறந்திருக்கவே இல்லாதவை.

அதனால் தொப்பியை மறந்துவிடுங்கள். சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில்தான் நம் பக்கம் காக்கை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது, தலையில் தட்டு வாங்கிய கதைகளும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. குஞ்சு நன்றாகப் பறக்கப் பழகிவிட்டால் இந்த ஆவேசம் தணிந்துவிடும். அதுவரை எதிர்ச்சாரியில் போங்கள், முடியாவிட்டால் குடை பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பாயும், திரும்பி அதன் முகத்தைப் பார்த்தால் தயங்கும். கல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள், இப்போது ஒரு ஜோடிக்குத் தெரிந்த முகம் அப்புறம் தெருவுக்கே தெரிந்த முகம் ஆகிவிடும்.

இனி குஞ்சைக் கீழே பார்த்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிறதென்றால் அது தொலைந்துபோன குஞ்சு இல்லை, பறக்கப் பழகுகிறது. நாய் பூனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு விலகிவிட்டால் போதும், பெற்றவை வந்து ஊட்டும். நீங்கள் செய்தது சரிதான். பாட்டியிடம் சொல்லுங்கள், கோயிலுக்குப் போவது வேறு விஷயம், தாராளமாகப் போகட்டும், ஆனால் உங்களைத் தட்டியது சனி இல்லை, ஒரு தாயோ தகப்பனோதான்.

*

ஐயா, காக்கா பானையில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த கதை நிஜமா? எங்கள் மிஸ் அது கதைதான் என்கிறார்.
– ஆறாம் வகுப்பு மாணவி, நெல்லிக்குப்பம்

மிஸ் சொன்னதும் சரி, நீ சந்தேகப்பட்டதும் சரி கண்ணு. அது கதைதான். ஆனால் கதையை எடுத்துச் சோதனைச்சாலையில் செய்து பார்த்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில், 2009-ல். அங்கே ரூக் என்று ஒரு காகம் உண்டு, நம் ஊரில் கிடையாது. நான்கு ரூக்குகளுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குழாயில் பாதி தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு புழுவை மிதக்கவிட்டார்கள். அலகு எட்டவில்லை. பக்கத்தில் கற்கள். நான்குமே கற்களை எடுத்துப் போட்டன, தண்ணீர் ஏறியது, புழுவை எடுத்துக்கொண்டன. இதில் எனக்குப் பிடித்தது வேறு: சின்னக் கல்லும் பெரிய கல்லும் வைத்தால் பெரிய கல்லைத்தான் தேடின, புழு எட்டியதும் கல் போடுவதை நிறுத்திக்கொண்டன. 2014-ல் நியூ கலிடோனியா என்ற தீவுக் காகங்களை வைத்து இன்னும் கடினமாகச் செய்தார்கள். மூழ்கும் பொருள், மிதக்கும் பொருள் இரண்டையும் கொடுத்தபோது மூழ்குவதைத்தான் பொறுக்கின, மணல் நிரம்பிய குழாயை விட்டுவிட்டுத் தண்ணீர் உள்ள குழாயில்தான் போட்டன. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகள் அளவுக்கு விஷயம் புரிகிறது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பாட்டி வடை சுட்ட கதைதான் எனக்கு ஆறவே இல்லை. நரி பாடச் சொன்னதும் வாயைத் திறந்து வடையைப் போட்டுவிட்டதாம். ஒரு நாள் மொட்டைமாடியில் ஒரு காக்காய்க்கு உளுந்துவடைத் துண்டு போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார். வடையைக் கொத்தி எடுக்கும், சுவர் விளிம்புக்குக் கொண்டுபோகும், ஒரு காலால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம்தான் கா கா என்று கத்தும். வடை காலடியில் பத்திரமாக இருக்கும். பார்த்துவிட்டு மிஸ்ஸிடமும் சொல்.

*

கருவாடு காயப்போடுகிறோம், ஐயா. நெத்திலியைப் பரப்பி வைத்து ஐந்து நிமிஷம் திரும்பினால் காக்கா கூட்டம். பொம்மை கட்டினோம், இரண்டே நாளில் அதன் தலைமேலே உட்கார்ந்துகொண்டது. ஒரு செத்த காக்காயைக் கழியில் கட்டித் தொங்கவிட்டால் மட்டும் வருவதில்லை. அது ஏன்? விஷம் வைக்கலாமா என்று சில பேர் கேட்கிறார்கள்.
– மீன் தொழில் செய்யும் வாசகி, கடலூர் முதுநகர்

விஷம் வேண்டாம் அம்மா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷத்தைக் காக்கா மட்டும்தான் தின்னும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, நாய் தின்னும், பூனை தின்னும், மீன் காயும் இடத்தில் விஷத்தை வைத்துவிட்டு அந்த மீனை நாம் எப்படி விற்பது? சட்டமும் மாறிவிட்டது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, பழந்தின்னி வௌவாலோடு காக்கையையும் ஐந்தாம் அட்டவணையில், தொல்லை தரும் பிராணி என்று வைத்திருந்தார்கள். 2022-ல் வந்த திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது.

செத்த காக்கா விஷயம், அது நம் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். ஏன் அப்படி என்பதை அமெரிக்காவில் கேலி ஸ்விஃப்ட் என்ற பெண் ஆய்வாளர் சியாட்டிலில் சோதித்து 2015-ல் வெளியிட்டார். தினமும் காக்கைகளுக்குத் தீனி போடும் இடத்தில், முகமூடி போட்ட ஒருவர் செத்த காக்காயைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். கூட்டம் கூடிக் கத்தியது. மறுநாள் அவர் இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்குத் தீனிக்கு வரத் தயங்கின. செத்த காக்காய் இல்லாமல் அதே முகமூடி வந்தபோதும், ஆறு வாரம் கழித்துக்கூடத் திட்டின. செத்த புறாவைக் காட்டியபோது அவ்வளவு கூச்சல் இல்லை. ஆக, ஒரு காக்கா செத்துக் கிடந்தால் மற்றவை கூடிக் கத்துவதை நாம் துக்கம் என்கிறோம், அதில் துக்கம் இருக்கலாம், ஆனால் நிச்சயமாக ஒரு விசாரணையும் இருக்கிறது: இங்கே ஆபத்து உண்டா, யாரால், இனி இந்த இடத்துக்கு வரலாமா?

பொம்மையில் அந்த விசாரணை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அசையவில்லை, துரத்தவில்லை, யாரும் சாகவில்லை, ஆகவே ஆபத்து இல்லை. இரண்டு நாள் அதற்குப் போதும்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், பழைய வலைதான் நல்லது. கிழிந்த வலைகள் உங்களிடம் இருக்கும், அதைப் பரப்பின்மேல் தரையோடு போடாமல், நான்கு கழி நட்டு முழங்கை உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். தரையோடு கிடந்தால் வலைக்கண் வழியாகவே அலகை விட்டு எடுத்துவிடும். ஓரங்களில் கல் வைத்து அமுக்குங்கள். ஒரு ஓரம் தூக்கியிருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு காக்கா போதும், மற்றவை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் தேவனாம்பட்டினம் கரையில் பார்த்த ஒன்று ஞாபகம் வந்தது. காலையில் படகு வந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் சூரை மீன் தலை ஒன்றை இரண்டு முன்னங்காலுக்கும் நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு காக்கா, பின்னால் ஒரு காக்கா. பின்னால் இருந்தது நடந்து வந்து நாயின் வாலைக் கவ்வி இழுத்தது. நாய் திரும்பி உறுமியது. முன்னால் இருந்தது ஒரு அடி கிட்டே வந்தது. மறுபடி வால், மறுபடி உறுமல், இன்னும் ஒரு அடி. நான்காவது தடவை நாய் எழுந்து துரத்தியதும் மீன் தலை போய்விட்டது. இரண்டும் கட்டுமர நிழலில் சேர்ந்தே தின்றன.

*

காக்காய்க்கு ஒரு கண்தான் என்கிறார்களே?
– வாசகர், பண்ருட்டி

இரண்டு கண். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணைத்தான் காட்டும், அப்புறம் மறுபக்கம் சாய்த்து மற்றக் கண்ணால் பார்க்கும். அதைப் பார்த்துத்தான் ஒரே கண் உருண்டு உருண்டு வருகிறது என்று நினைத்துவிட்டார்கள்.

*

இவ்வளவு புத்தி உள்ள பறவை குயில் முட்டையை ஏன் கண்டுபிடிக்கவில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, இது காக்கையைப் பற்றிக் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி.

காக்கை குயிலைக் கண்டுபிடிக்காமல் இல்லை. கோடைக்காலத்தில் காக்கைகள் ஒரு கரிய பறவையை விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், அது ஆண் குயில். கூவுவதும் அதுதான், பெண் குயில் பழுப்பாக, புள்ளி புள்ளியாக இருக்கும். ஆண் கூட்டுப் பக்கம் வந்து காக்கைகளைக் கிளப்பிவிட்டு ஓட, அந்த இடைவெளியில் பெண் வந்து முட்டையிடும். குயில் முட்டை கொஞ்சம் சிறியது, நிறமும் புள்ளியும் ஏறக்குறைய காக்கை முட்டை மாதிரியே. காக்கை முட்டைக்கு முன்னாலேயே பொரிந்துவிடும், அதனால் தீனி கேட்டு வாய் திறப்பதும் அதுதான் முதலில்.

சந்தேகத்தில் ஒரு முட்டையைத் தள்ளிவிட்டால், அது தன்னுடையதாகவே இருந்துவிட்டால்? வாய் திறந்து கத்தும் குஞ்சுக்கு ஊட்டாமல் விட்டால், அது சொந்தக் குஞ்சாக இருந்துவிட்டால்? தவறு செய்து இழப்பதைவிட ஒரு வாய் கூட ஊட்டிவிடுவது காக்கைக்கு மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் குயில் குஞ்சும், ஐரோப்பியக் குயில் குஞ்சைப் போல மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளிக் கொன்றுவிடுவதில்லை, ஒரே கூட்டில் காக்கைக் குஞ்சும் குயில் குஞ்சும் சேர்ந்து வளர்வது உண்டு. ஸ்பெயினில் வேறொரு குயில் வகையை ஆராய்ந்தவர்கள் 2014-ல் ஒரு ஆச்சரியத்தைச் சொன்னார்கள். அந்தக் குயில் குஞ்சைப் பிடித்தால் சகிக்க முடியாத நாற்றமுள்ள ஒரு திரவத்தை வெளியேற்றுகிறது, அதனால் பூனை போன்றவை அந்தக் கூட்டைத் தொடுவதில்லை, எதிரிகள் அதிகமுள்ள வருடங்களில் குயில் குஞ்சு உள்ள காக்கைக் கூடுகளே நன்றாகப் பிழைத்தன. ஏமாந்தது யார் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது ஐயா.

*

காலையில் காக்கா கரைந்தால் விருந்தாளி வருவார்கள் என்பது எத்தனை நாள் நம்பிக்கை? எத்தனை தடவை கரைகிறது என்பதற்கும் கணக்கு உண்டாமே?
– இல்லத்தரசி, அரியாங்குப்பம்

சங்க காலத்திலேயே உண்டு அம்மா. குறுந்தொகையின் 210-ம் பாட்டில் தோழி சொல்கிறாள், விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு, தொண்டியில் விளைந்த நெல் முழுவதையும் சோறாக்கி நெய் ஊற்றி ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது என்று. அதைப் பாடிய புலவருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நின்றுவிட்டது.

கரைந்த கணக்கைப் பார்த்துப் பலன் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் காக்கைக்கே கணக்கு உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மூன்று காகங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். திரையில் ஒரு குறியைக் காட்டினால், அல்லது ஒரு சத்தத்தைக் கேட்கவிட்டால், அதற்கு உரிய எண்ணிக்கைக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை கரைய வேண்டும், கரைந்து முடித்ததும் 'முடிந்தது' என்று ஓரிடத்தைக் கொத்த வேண்டும். மூன்றும் கற்றுக்கொண்டன. 2024-ல் வெளியான முடிவு இது. அதைவிட எனக்கு வியப்பு, முதல் 'கா'வின் தொனியைக் கேட்டே அது எத்தனை தடவை கரையப் போகிறது என்று ஆய்வாளர்களால் ஊகிக்க முடிந்திருக்கிறது, அதாவது வாயைத் திறக்கும் முன்பே அது கணக்குப் போட்டுவிடுகிறது.

*

மொட்டைமாடிக் கொடியிலிருந்து கம்பி ஹேங்கர் காணாமல் போகிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள்மேல் சந்தேகப்பட்டுச் சண்டை வந்துவிட்டது. நேற்று பார்த்தால் காக்கா! இது என்ன பழக்கம்?
– வாசகர், லாஸ்பேட்டை

முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பையன்கள் பாவம்.

காக்கைக்குக் கம்பி என்றால் கொள்ளை ஆசை. டோக்கியோவில் பால்கனி ஹேங்கர்களைக் கொண்டுபோய்க் கூடு கட்டுவது பெரிய பிரச்சினை. எங்கள் தெருவில் 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயலில் மரங்கள் எல்லாம் சாய்ந்தன, அடுத்த கோடையில் காக்கைகள் செல்போன் டவரில் கூடு கட்டின. சில வருடம் கழித்து டவரில் வேலை செய்ய வந்தவர்கள் ஒரு பழைய கூட்டைக் கீழே போட்டார்கள், நான் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். வெளிச்சுற்று முழுவதும் கட்டட வேலையில் மீந்த கட்டுக்கம்பி, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, கையால் இழுத்தால் வரவில்லை. அதற்குள் வேப்பங்குச்சி. நடுவில் தேங்காய் நார், கொஞ்சம் தலைமுடி, சாக்குப்பையின் சணல் நூல். முட்டை படும் இடத்தில் ஒரு கம்பி முனைகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை, விரலால் தடவிப் பார்த்தேன்.

கம்பி என்றதும் 'பெட்டி' என்று பெயர் வைத்த ஒரு பெண் காகத்தைச் சொல்லாமல் முடியாது. நியூ கலிடோனியா, பசிபிக் கடலில் இருக்கும் பிரெஞ்சுப் பகுதி, அந்தத் தீவுக் காகம் அது. காட்டிலேயே இவை குச்சியையும் தாழை இன இலையையும் கத்தரித்துக் கொக்கி செய்து மரப்பொந்திலிருந்து புழு எடுப்பவை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழாயின் அடியில் கைப்பிடி வைத்த சின்ன வாளியில் இறைச்சி வைத்து, வளைந்த கம்பி ஒன்றும் நேர்க்கம்பி ஒன்றும் கொடுத்தார்கள். ஏபெல் என்ற ஆண் காகம் வளைந்த கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டி மிச்சமிருந்த நேர்க்கம்பியை ஒரு இடுக்கில் செருகி வளைத்து, கொக்கியாக்கி, வாளியைத் தூக்கியது. திரும்பவும் நேர்க்கம்பியை மட்டும் கொடுத்துப் பத்துத் தடவை பார்த்தார்கள், ஒன்பது தடவை செய்தது. 2002-ல் இது வெளியானபோது, கருவி செய்வது மனிதனும் குரங்கும் மட்டும்தான் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இத்தனையும் எத்தனை பெரிய மூளையில் என்று கேட்பீர்கள். காக இனத்திலேயே பெரிய, வடதேசத்து ரேவன் காகத்தின் மூளை 15 கிராம் தேறாது, ஆனால் அதில் 200 கோடிக்கு மேல் நரம்பு செல்கள். காக்கை, கிளி இனங்களின் மூளையில், அதே எடையுள்ள குரங்கு மூளையில் இருப்பதைப்போல் சராசரியாக இரண்டு மடங்கு செல்கள் நெருக்கி அடைந்திருக்கின்றன என்று 2016-ல் எண்ணிச் சொன்னார்கள்.

ஹேங்கருக்கு, பிளாஸ்டிக் ஹேங்கர் வாங்கிப் போடுங்கள்.

*

பிரான்சில் காக்கைகளைக் குப்பை பொறுக்கப் பழக்கியிருக்கிறார்களாம். பாண்டி கடற்கரைச் சாலையில் செய்தால் என்ன?
– வாசகர், முத்தியால்பேட்டை

உண்மைதான், புய் து ஃபூ என்ற பூங்காவில் 2018-ல் ஆறு ரூக் காகங்களைப் பழக்கினார்கள். சிகரெட் துண்டு, காகிதத் துண்டைக் கொண்டுவந்து ஒரு பெட்டியில் போட்டால் தீனி வரும். ஆனால் குப்பையைக் குறைப்பது அவர்களின் முதல் நோக்கமே இல்லை, ஒரு பறவை பொறுக்குவதைப் பார்த்தாவது மனிதர்கள் கீழே போடாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். நம் கடற்கரையில் வேண்டாம். சிகரெட் துண்டில் நிகோட்டின் இருக்கிறது, நாம் போட்டதை அது ஏன் வாயில் எடுக்க வேண்டும்?

*

கப்பலில் வேலை பார்த்தபோது மொம்பாசாவில் நம் ஊர்க் காக்கையை அப்படியே பார்த்தேன். அது எப்படி?
– முன்னாள் மாலுமி, கடலூர் முதுநகர்

அதேதான், சாம்பல் கழுத்து ஊர்க்காக்கா. முழுக் கறுப்பு அண்டங்காக்காயைவிட இது மனிதனை ஒட்டியே வாழ்வது, மனிதன் கப்பல் ஏறினால் இதுவும் ஏறிவிடும். சான்சிபார் தீவுக்கு 1890-களில் குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யட்டும் என்று மனிதர்களே கொண்டுபோனார்கள். மொம்பாசாவுக்கு 1947-ல் வந்துவிட்டது. 1994-ல் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகத்தில் போய் இறங்கி, அந்தக் குளிரிலும் குஞ்சு பொரித்தது.

அங்கெல்லாம் அது நல்ல பெயர் எடுக்கவில்லை. உள்ளூர்ச் சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிறது என்று கென்யா அரசு 2024-ல் பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துப் போயிற்று, ஆனால் அந்த ஊர்ப் பறவைகளை நினைத்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. திறந்து கிடக்கும் குப்பைதான் அதற்குச் சோறு, இங்கேயும் அங்கேயும்.

*

ஐயா, அம்மா போன வருடம் தவறிவிட்டார்கள். நாங்கள் புதிதாகக் குடிவந்த வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு அமாவாசைக்கும் படையல் போட்டு மாடிச் சுவரில் சோறு வைக்கிறேன், காக்கா வருவதே இல்லை. அம்மாவுக்கு உன்மேல் வருத்தம், அதனால்தான் எடுக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இல்லை. ராத்திரியெல்லாம் இதே நினைப்பு.
– வாசகி, புதுச்சேரி

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தச் சொந்தக்காரர்கள் காக்கையையும் அறியவில்லை, உங்கள் அம்மாவையும் அறியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காக்கை ஏன் வரவில்லை என்பதை மட்டும் நான் சொல்கிறேன். அதற்குப் பழகிய இடம், பழகிய நேரம், பழகிய முகம் மூன்றும் வேண்டும். நீங்கள் புது வீட்டில், மாதத்தில் ஒரே ஒரு நாள், படையல் முடிந்து ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கும் இன்னொரு நாள் ஒன்றரைக்குமாக வைக்கிறீர்கள். உங்கள் வீட்டு மாடி அவற்றின் அன்றாடச் சுற்றிலேயே இல்லை. அன்று பார்த்து எல்லா வீட்டிலும் சோறு, பழகிய வீடுகளிலேயே வயிறு நிறைந்துவிடும். அதோடு, நீங்கள் இலையை வைத்துவிட்டு அங்கேயே நின்று, வருமா வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நிற்பேன். மனிதன் தன்னை நேராக உற்றுப் பார்க்கிறானா, வேறு பக்கம் பார்க்கிறானா என்பது காக்கைக்குத் தெரியும், உற்றுப் பார்த்தால் சீக்கிரம் பறந்துவிடும். அமெரிக்காவில் இதையும் சோதித்திருக்கிறார்கள்.

நாளையிலிருந்து இப்படிச் செய்து பாருங்கள். அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டாம். தினமும் காலையில், அடுப்பில் முதலில் வெந்தது எதுவோ, இட்லியோ சோறோ, ஒரு கைப்பிடி. உப்பு, காரம் கலக்காமல். ஒரே நேரம், சுவரில் ஒரே இடம். பளபளக்கும் தட்டு வேண்டாம், புதுப் பொருளைக் கண்டால் அதற்குப் பயம். பக்கத்தில் வாய் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கா கா என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிடுங்கள், ஜன்னலோரம் கூட நிற்க வேண்டாம்.

எங்கள் மாடிக்கு வரும் ஒரு காக்காய்க்கு இடது காலில் ஒரு விரல் மடங்கியே இருக்கும். காய்ந்த ரொட்டித் துண்டைப் போட்டால் அது உடனே தின்னாது. சட்டிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் முக்கும், எடுத்துப் பார்க்கும், இன்னும் கெட்டியாக இருந்தால் திரும்ப முக்கும், அப்புறம் சட்டியிலேயே விட்டுவிட்டுப் போய் ஓட்டுமேல் உட்கார்ந்துகொள்ளும், கொஞ்ச நேரம் கழித்து வந்து ஊறியதை எடுக்கும். பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஓட்டு இடுக்கில் செருகி, மேலே ஒரு காய்ந்த இலையை வைத்து மூடும். இதைப் பார்க்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாரம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் நான் உள்ளே போனபின் சோறு மட்டும் காணாமல் போனது. நான் இருக்கும்போதே இறங்கியது அதற்கும் பிறகுதான்.

பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைக்கும்போது அம்மா எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஞாபகம் இருக்கும். அதே மாதிரி கூப்பிடுங்கள், அதே ராகத்தில், தினமும். அடுத்த அமாவாசைக்குள் வரவில்லையென்றால் அதற்கடுத்ததற்குள் வரும். வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், எந்தப் பக்கமிருந்து வந்தது, ஒன்றா இரண்டா, தண்ணீர்ச் சட்டியில் எதையாவது முக்கியதா என்று.